1.2 கிலோ லேப்டாப்: ஒரு வருடம் தோளில் போட்டுக்கொண்டு அலைந்த பிறகு

செங்கை தணிக்கை
காலை 7.10

வணக்கம் நண்பர்களே. போன வருடம் இதே மாதம் மெல்லிய லேப்டாப் வாங்கலாமா வேண்டாமா என்று இங்கே கேட்டிருந்தேன். அன்றைக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவர்களுக்காக, ஒரு வருடம் பயன்படுத்தியதில் தெரிந்ததை எழுதி வைக்கிறேன். பிராண்டு பெயர் வேண்டாம், நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி எல்லா மெல்லிய லேப்டாப்புக்கும் பொருந்தும். 14 அங்குலத் திரை, 1.2 கிலோ, 16 ஜிபி ரேம், ஃபைல்களைச் சேமிக்க 512 ஜிபி எஸ்எஸ்டி, அலுமினிய உடம்பு.

என் வேலை தணிக்கை. செங்கல்பட்டிலிருந்து எழும்பூர் வரை தினமும் மின்சார ரயில், அங்கிருந்து அன்றைக்கு எந்த கிளையன்ட்டோ அந்த ஆபீஸ். பழையது 15.6 அங்குலம். அதையும் அதன் செங்கல் மாதிரி சார்ஜரையும் சேர்த்து ஒரு நாள் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 2.8 கிலோ காட்டியது. புதியது சார்ஜரோடு சேர்த்து 1.45. வீட்டில் மேஜைமேல் வைத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. கூடுவாஞ்சேரியில் கூட்டம் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாம்பரம் வரை நின்று வருகிறவனுக்கு அதுதான் எல்லாம். வலது தோளில் இரண்டு வருடமாக இருந்த வலி, புதியது வாங்கிய மூன்றாம் மாதத்தில் நினைவில் இல்லை.

பேட்டரியும் நல்லது. பெட்டியில் 18 மணி நேரம் என்று போட்டிருந்தார்கள், அது வெளிச்சத்தைக் குறைத்து வைத்து வீடியோ ஓட்டிப் பார்த்த கணக்கு. என்னுடையதில் 56 வாட்-அவர் பேட்டரி. எக்செல், டேலி, பத்துப் பதினைந்து டேப் திறந்த பிரவுசர், வைஃபை எல்லாம் சேர்ந்து சராசரியாக 7 வாட் இழுக்கிறது. 56-ஐ 7-ஆல் வகுத்தால் 8 மணி நேரம், எனக்குக் கிடைப்பதும் ஏழரையிலிருந்து எட்டு. ஒரு நாள் வேலைக்கு இது தாராளம். ஏப்ரலில் வங்கிக் கிளைத் தணிக்கைக்குப் போனால் பிளக் பாயின்ட் இருக்கும் மூலையாகப் பார்த்து உட்கார வேண்டியிருக்கும், இந்த ஏப்ரலில் மேனேஜர் காட்டிய மேஜையிலேயே உட்கார்ந்தேன்.

அப்புறம் குறைகள். இரண்டு யுஎஸ்பி-சி, ஒரு ஹெட்ஃபோன் ஓட்டை, அவ்வளவுதான். எங்கள் தொழிலில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இல்லாமல் ஒன்றும் நடக்காது, அது பழைய பட்டை யுஎஸ்பி. செப்டம்பர் கடைசி, வரித் தணிக்கை அறிக்கைகளை ஏற்றிக்கொண்டிருக்கிறேன், இரவு 10.40. ஒரு சி ஓட்டையைப் பல ஓட்டைகளாக்கும் ஹப்பில் டோக்கனைச் செருகினால் அதன் விளக்கு எரிகிறது, மென்பொருளோ டோக்கன் எதுவும் இல்லை என்கிறது. கழற்றி மாட்டினேன், ரீஸ்டார்ட் செய்தேன், டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன். கடைசியில் பரணில் இருந்த பழைய லேப்டாப்பை இறக்கி, தூசி தட்டி, அதில்தான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் ஹப்பை ஒதுக்கிவிட்டு, விரல் நுனி அளவுக்கு சி ஓட்டையில் பட்டை யுஎஸ்பியை மாட்ட உதவும் ஓர் அடாப்டரை 200 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் இன்று வரை தகராறு இல்லை. அதைத் தனியாக வைத்தால் தொலையும் என்று டோக்கனிலேயே நிரந்தரமாக மாட்டி வைத்திருக்கிறேன்.

இரண்டு விஷயம் எனக்கு இன்னும் விளங்கவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சார்ஜ் ஏறும்போது உள்ளங்கை படும் இடத்தில் விரலை லேசாக இழுத்தால் நரநரவென்று ஓர் அதிர்வு, ஈரக்கையாக இருந்தால் சுருக்கென்கிறது. இன்னொன்று, ரயில் ஏறுமுன் மூடி பைக்குள் வைத்த லேப்டாப் இறங்கி எடுக்கும்போது அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி சுடுகிறது, பேட்டரியும் முப்பது சதவீதம் குறைந்திருக்கிறது. தினமும் இல்லை, வாரத்துக்கு ஒரு முறையாவது நடக்கிறது.

விருதுநகர் அப்பா
காலை 8.25

நல்ல நேரத்தில் எழுதினீர்கள் சார். என் மகள் இந்த வருடம் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்கிறாள், ஹாஸ்டல். பட்ஜெட் 65 ஆயிரம். கடையில் போய்ப் பார்த்ததிலிருந்து மெல்லியதுதான் வேண்டும் என்கிறாள். நாலு வருடம் தாங்குமா என்பதுதான் எனக்குக் கவலை, நடுவில் இன்னொன்று வாங்கித் தர என்னால் முடியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வயலூர் நிலா
காலை 9.02

அண்ணா, ரேம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் மூன்று வருடத்துக்கு முன் 13 அங்குலத்தில் ஒன்று வாங்கினேன். கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், பவர்பாயிண்ட்டும் வேர்டும்தானே என்று நினைத்தேன், கடைக்காரரும் 8 ஜிபி போதும் மேடம், பத்தவில்லை என்றால் அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்றார். அந்த "அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்" என்பதை நம்பியதுதான் நான் செய்த தவறு, ஏனென்றால் ஒரு வருடத்திலேயே ஆன்லைன் வகுப்பு, அதோடு ஐம்பது மாணவர்களின் பிடிஎஃப் விடைத்தாள்கள், அதோடு மதிப்பெண் போடும் எக்செல் என்று எல்லாம் ஒன்றாகத் திறந்தால் மவுஸ் அம்பு நகர்வதற்கே யோசிக்க ஆரம்பித்தது, சரி இன்னொரு 8 ஜிபி போட்டுவிடலாம் என்று கொண்டுபோனால் பின்மூடியைத் திறந்து காட்டிவிட்டு இதில் ஸ்லாட்டே கிடையாதும்மா, போர்டிலேயே ஒட்டியிருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

திரை நன்றாக இருக்கிறது, கீபோர்டு நன்றாக இருக்கிறது, ஒரு கீறல்கூட விழவில்லை. ரேம் ஒன்றால் மட்டும் இதை மாற்ற வேண்டியிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள ஒரு பொருளை ஒதுக்கி வைப்பது மனதுக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

ரிச்சி தெரு பட்டறை
காலை 11.48

பதினோரு வருடமாக லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். காலையில் கடை திறக்கும் வேலை முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தணிக்கை சார், உங்கள் கை கூசுவதற்குக் காரணம் எர்த். உங்கள் சார்ஜர் இரண்டு பின் என்று நினைக்கிறேன். சார்ஜருக்குள் மின்சாரத்தை வெட்டி வெட்டி மாற்றும்போது வரும் இரைச்சலை அடக்க ஒரு சின்ன கெபாசிட்டர் வைத்திருப்பார்கள், அது வழியாக மிகக் குறைந்த கரண்ட் வெளியே கசியும். மூன்று பின் சார்ஜரில் அது எர்த் கம்பி வழியாகப் போய்விடும். இரண்டு பின்னில் போக வழி இல்லாமல் உலோக உடம்பில் நிற்கும், நீங்கள் தொட்டால் உங்கள் வழியாகத் தரைக்குப் போகும். பிளாஸ்டிக் உடம்பு என்றால் இது தெரியவே தெரியாது. நல்ல சார்ஜராக இருந்தால் ஆளுக்கு ஆபத்து இல்லை, ஆனால் பத்து மணி நேரம் அதன்மேல் கை வைத்து வேலை செய்கிறவருக்குப் பெரிய தொந்தரவு. எர்த் பின் உண்மையிலேயே உள்ளே இணைந்திருக்கும் மூன்று பின் சார்ஜருக்கு மாறுங்கள். அதற்குப் பிறகும் கூசினால் வீட்டு எர்த்தே சரியில்லை என்று அர்த்தம், அப்போது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டே ஆக வேண்டும், லேப்டாப்புக்காக இல்லை, உங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் கீசருக்கும் அதே எர்த்தான்.

பைக்குள் சூடாவது வேறு. இப்போதைய விண்டோஸ் லேப்டாப்பில் மூடினால் முழுதாகத் தூங்குவதில்லை, போன் மாதிரி அரைத்தூக்கம். அப்டேட் பார்க்கிறேன், மெயில் பார்க்கிறேன் என்று நடுவில் விழித்துக்கொள்ளும். மேஜைமேல் இருந்தால் பரவாயில்லை, பைக்குள் காற்றில்லாத இடத்தில் விழித்தால் வேகும். பவர் ஆப்ஷனில் போய், மூடியை மூடினால் ஸ்லீப் என்று இருப்பதை ஹைபர்னேட் என்று மாற்றுங்கள், திறந்திருந்த வேலையைச் சேமித்துவிட்டு முழுதாக அணைந்துவிடும். திறக்கும்போது பத்து வினாடி கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். இதைச் செய்யாமல் விட்டால் முதலில் அடி வாங்குவது பேட்டரி.

பேட்டரி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மெல்லிய லேப்டாப்பில் பேட்டரி என்பது கெட்டியான டப்பா இல்லை, வெள்ளி நிறப் பை. அப்பளம் மாதிரி தட்டையாக டச்பேடுக்குக் கீழேயே படுத்திருக்கும். வெயிலும் எப்போதும் நூறு சதவீத சார்ஜும் சேர்ந்தால் உள்ளே வாயு உண்டாகி அந்தப் பை உப்பும். போன வாரம் ஒருவர் கொண்டுவந்தார், டச்பேட் கிளிக் ஆகவில்லை, மாற்றித் தாங்க என்றார். மேஜையில் வைத்தால் நாற்காலியின் ஒரு கால் குட்டை மாதிரி லேப்டாப் ஆடுகிறது. அப்போதே தெரிந்துவிட்டது. பின்மூடியின் கடைசி ஸ்க்ரூவைக் கழற்றும்போது மூடி தானாக எழும்பி வந்தது, உள்ளே மூன்று பையும் பூரி மாதிரி நிற்கிறது. டச்பேடில் ஒரு குறையும் இல்லை, கீழே இருந்து தள்ளியதால் அமுங்க இடமில்லை. எல்லாரும் நினைவில் வையுங்கள்: டச்பேட் கிளிக் இறுகினாலோ, மூடி சரியாக மூடாமல் இடைவெளி தெரிந்தாலோ, தட்டையான மேஜையில் லேப்டாப் ஆடினாலோ, சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு எடுத்து வாருங்கள். அழுத்திப் பார்க்காதீர்கள், ஊசி எதையும் குத்தாதீர்கள். பெரும்பாலான கம்பெனிகள் 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதியை அவர்களுடைய செயலியிலேயே தருகிறார்கள், எப்போதும் சொருகி வைத்தே வேலை செய்கிறவர்கள் இன்றே அதைப் போடுங்கள்.

நிலா மேடம் சொன்ன ரேம் கதை வாரத்துக்கு நாலு வருகிறது. மெல்லிய லேப்டாப்பில் போடும் ரேம் எல்பிடிடிஆர் என்ற வகை. குறைந்த வோல்டேஜில் அதிக வேகம் ஓடும், பேட்டரிக்கும் நல்லது, ஆனால் ப்ராசஸருக்குப் பக்கத்திலேயே குட்டையான பாதையில் இருக்க வேண்டும், அதனால் போர்டில் சால்டர் செய்துவிடுகிறார்கள். 2024-இல் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேமை ப்ராசஸர் பேக்கேஜிலேயே சேர்த்துவிட்டார்கள், 16 அல்லது 32, வாங்கும் அன்று எதை எடுத்தோமோ அதுதான் கடைசி வரை. இடம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றே ஸ்லாட்டை எடுத்துவிட்ட மாடல்களும் உண்டு. எஸ்எஸ்டி பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்பில் இன்னும் கழற்றி மாற்றலாம், ஒரே ஒரு ஸ்க்ரூ. ஆகவே காசு குறைவாக இருந்தால் ஸ்டோரேஜில் குறைத்துக்கொள்ளுங்கள், ரேமில் குறைக்காதீர்கள்.

கோவை டிசைன்
மதியம் 1.15

எல்லாரும் எடையைப் பற்றியே பேசுகிறோம், வேகம் பற்றி நான் சொல்கிறேன். பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் டிசைன் வேலை, முப்பரிமாண மாடல். போன வருடம் ஆபீஸில் எனக்கு மெல்லிய லேப்டாப் கொடுத்தார்கள். ஸ்பெக் காகிதத்தில் பழையதைவிட எல்லாமே அதிகம். சின்னப் பார்ட் திறந்தால் பறக்கும். ஒரு பெரிய அசெம்பிளிக்கு ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் போட்டால் ப்ராசஸர் முதல் அரை நிமிடம் 40 வாட்டில் ஓடும், பிறகு 15-க்கு இறங்கிவிடும், ஒரு மணி நேரம் ஆனாலும் ஏறாது. மே மாதத்தில் ஷாப் ஃப்ளோரில் ஏசி இல்லாத இடத்தில் 12-க்கும் போயிருக்கிறது. தடிமனான என் பழைய லேப்டாப் 25 நிமிடத்தில் முடித்த வேலைக்கு இது 40 நிமிடம் எடுத்தது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. சூடு வெளியே போக செப்புக் குழாயும் தகடும் விசிறியும் வேண்டும், அதற்கு இடம் வேண்டும், நாம் கேட்டது அந்த இடத்தைக் குறைக்கச் சொல்லி. ஆப்பிள் 2020 நவம்பரில் எம்1 ஏர் கொண்டுவந்தபோது விசிறியையே எடுத்துவிட்டார்கள், சத்தமே இல்லை, அன்றாட வேலைக்கு அருமை. அதே எம்1 சிப்போடு விசிறியும் வைத்து வந்த 13 அங்குல ப்ரோ, நீண்ட நேரம் இடைவிடாமல் ஓடும் வேலையில் ஏரை முந்தியது. சிப் ஒன்றுதான், சூடு போகும் வழிதான் வேறு. கடையில் ஐந்து நிமிடம் தட்டிப் பார்த்து வாங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வாய்ப்பே இல்லை.

மகளுக்கு வாங்கும் அண்ணனுக்கு: கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மெல்லியது ஓடும், கோடு எழுதுவதற்கு வாட் அதிகம் வேண்டாம். மெக்கானிக்கல், ஆர்க்கிடெக்சர் என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பழைய பெட்டி
மதியம் 2.40

நான் இதில் எல்லாரோடும் ஒத்துப்போகவில்லை. மெல்லியது என்பதே நமக்குத் தேவைப்படாத ஒன்றை விற்பதற்குச் செய்த ஏற்பாடு. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் பழுப்புக் காகித உறைக்குள்ளிருந்து முதல் மேக்புக் ஏரை எடுத்துக் காட்டினாரே, 1.36 கிலோ, அன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு யுஎஸ்பி, சிடி டிரைவ் இல்லை, லேன் ஓட்டை இல்லை, 2 ஜிபி ரேமைப் போர்டிலேயே சால்டர், பேட்டரியை நாமாகக் கழற்ற முடியாது. பிறகு மற்ற எல்லாரும் அதையே பின்பற்றினார்கள். 1.2 கிலோவுக்கும் 1.7 கிலோவுக்கும் நடுவில் ஒரு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் வித்தியாசம். அந்த அரைக் கிலோவுக்காக ரேம் ஸ்லாட்டை விட்டுக்கொடுக்க வேண்டுமா? என்னிடம் உள்ளது 2013 மாடல், ரேமை இரண்டு முறை கூட்டினேன், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன், பேட்டரி மூன்றாவது. இன்றும் ஓடுகிறது.

செங்கை தணிக்கை
மாலை 7.55

ரிச்சி தெரு தம்பிக்குப் பெரிய நன்றி. ரயிலிலேயே ஹைபர்னேட்டுக்கு மாற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சார்ஜர் நீங்கள் சொன்ன மாதிரி இரண்டு பின்தான். மனைவியின் லேப்டாப்புக்கு 65 வாட் மூன்று பின் சி-டைப் சார்ஜர் இருந்தது, அதைச் சொருகி விரலை இழுத்துப் பார்த்தேன், வழவழவென்று இருக்கிறது. ஒரு வருடமாக இதைச் சகித்துக்கொண்டிருந்தேன்.

பழைய பெட்டி சார், உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது, 2013-இன் பெட்டியை இன்னும் ஓட்டுகிறீர்கள் என்பதே பெரிய விஷயம். அந்த அரை லிட்டர் பாட்டிலை நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு தடவை தூக்கிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அதைக் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம், வாரம் ஆறு நாள் ஒரே தோளில் வைத்திருக்கிறவனுக்குத் தேவையா இல்லையா என்று தோள்தான் சொல்ல வேண்டும். ஸ்லாட் விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். அதைக் கம்பெனிகள் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில், இந்த ரேமை மாற்ற முடியாது என்று அச்சிட வேண்டும். பெட்டியில் செயற்கை நுண்ணறிவு என்று பத்து இடத்தில் போட இடம் இருக்கிறது, இதற்கு இடம் இல்லையா?

இன்னொன்று சொல்ல மறந்தேன். திரை 16க்கு 10 விகிதம், அகலத்தோடு ஒப்பிட்டால் பழையதைவிட உயரம் அதிகம், எக்செலில் நாலைந்து வரிசை கூடுதலாகத் தெரிகிறது, எங்கள் வேலைக்கு அது வரம். வெளிச்சம்தான் போதவில்லை, 300 நிட். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் என் முகம்தான் தெரியும். 400-க்குக் குறைந்து வாங்காதீர்கள்.

விருதுநகர் அப்பா
இரவு 9.20

எல்லாருக்கும் நன்றி. மகளையும் பக்கத்தில் உட்கார வைத்து முழுவதும் படித்தோம். பழைய பெட்டி சார் சொன்னதற்கும் தணிக்கை சார் சொன்னதற்கும் நடுவில் ஏதாவது உண்டா? 1.4, 1.5 கிலோவில் ஸ்லாட் உள்ளது கிடைக்குமா?

ரிச்சி தெரு பட்டறை
இரவு 10.05

கிடைக்கும் அண்ணா. 14 அங்குலத்தில் 1.4 கிலோவுக்கு மேல் போனால் போர்டில் பாதி ரேம், ஸ்லாட்டில் பாதி என்று இருக்கும் மாடல்கள் உண்டு, இரண்டு ஸ்லாட் உள்ளவையும் உண்டு. மாணவர்களுக்கு என்று விளம்பரம் செய்வதில் தேடாதீர்கள், ஆபீஸ்களுக்கு விற்கும் வரிசையில் தேடுங்கள், பார்க்க அழகு கொஞ்சம் குறைவாக இருக்கும், கீல் கெட்டியாக இருக்கும், பட்டை யுஎஸ்பியும் எச்டிஎம்ஐயும் இருக்கும். கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கம்பெனி தளத்தில் அந்த எண்ணுக்கான ஸ்பெக் தாளைத் திறங்கள். மெமரி ஸ்லாட் என்ற வரியில் எத்தனை என்று போட்டிருக்கும். "ஆன்போர்டு" என்றோ "சால்டர்டு" என்றோ மட்டும் இருந்தால் ஸ்லாட் இல்லை.

கடையில் மூடியின் ஒரு மூலையைப் பிடித்துத் திறந்து பாருங்கள். திரை முறுக்கிக்கொண்டு வந்தாலோ அடிப்பகுதியும் சேர்ந்து எழும்பினாலோ எனக்கு ஒரு வருடத்தில் கீல் வேலை வரும். கீல் ஸ்க்ரூ பிடித்திருக்கும் பித்தளைக் கொட்டை பிளாஸ்டிக்கிலிருந்து பிய்ந்து வந்துவிட்டால் ஒட்டினாலும் நிற்காது, முழு மூடியையும் மாற்ற வேண்டும்.

வயலூர் நிலா
இரவு 10.31

சி-டைப் ஓட்டையையும் சரிபாருங்கள் அண்ணா. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சிலதில் சார்ஜ் மட்டும் ஏறும், சிலதில் டேட்டா மட்டும், புரொஜெக்டர் வராது. பிள்ளைக்கு செமினார் எடுக்கும் நாள் வரும்.

விருதுநகர் அப்பா
ஞாயிறு, மாலை 5.40

வாங்கிவிட்டோம். 14 அங்குலம், 1.42 கிலோ, போர்டில் 8, ஸ்லாட்டில் 8, மொத்தம் 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி. ஸ்லாட்டில் இருப்பதை எடுத்துவிட்டுப் பெரியது போடலாம் என்று ஸ்பெக் தாளில் இருக்கிறது. மூன்று பின் சார்ஜர், எச்டிஎம்ஐ, இரண்டு பட்டை யுஎஸ்பி. மூடியை மூலையில் பிடித்து நானே திறந்து பார்த்தேன், கடைக்காரர் ஏன் சார் என்றார், சொன்னேன். 63,500 ஆனது. மகள் ஆசைப்பட்ட மாடலைவிடத் தடிமன் கொஞ்சம் கூடுதல்தான், பையில் போட்டு மாடிப்படி இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு, இது சரிப்பா என்றாள்.

ரிச்சி தெரு பட்டறை
ஞாயிறு, மாலை 6.02

சந்தோஷம் அண்ணா. 80 சதவீத சார்ஜ் அளவையும் மூடினால் ஹைபர்னேட்டையும் ஹாஸ்டல் போகுமுன் நீங்களே போட்டுக் கொடுத்துவிடுங்கள். பில்லை போனில் படம் எடுத்து வையுங்கள், அந்தத் தாளில் எழுத்து ஆறு மாதத்தில் அழிந்துவிடும்.